ஞாயிற்றின் சுடரும் புயலும்

தமிழகத்திலிருந்து வந்து கழக்கூட்டத்தில் குடியமர்ந்த நம் குடும்பத்தாருக்குத் தும்பாக் கடற்கரை அயலிடம் அன்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்தது அங்கிருந்துதான். அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் அமைத்த ‘பாப்பா’ என்னும் கருவி, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் ஆதித்யா எல்-1 கலத்தில் அமர்ந்து ஞாயிற்றின் துகள்காற்றை அளக்கிறது. 2023 செப்டம்பரில் ஏவப்பெற்ற அக்கலத்தின் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் சாஜி அம்மையார் என்பதில் நமக்குத் தனிப் பெருமிதம் உண்டு.

ஞாயிற்றில் சுடர் வெடிக்கிறது, அதனால் பொருள் சிதறிப் புயலாய் வருகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்திற்குக் காரணம் உண்டு. 1859 செப்டம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தில் காரிங்டன் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளினிடையே வெண்சுடர் ஒன்றைக் கண்டார். ஏறத்தாழப் பதினேழரை மணி நேரத்தில் பூமியின் காந்தப் புலம் கலங்கியது. தந்திக் கம்பிகள் தாறுமாறாயின. பம்பாய் கொலாபா நிலையத்துக் கருவியும் அக்கலக்கத்தைப் பதிந்தது. சுடரே தாய், புயலே சேய் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றிற்று.

இடையே பறந்துவந்த பொருளை அன்று எவரும் கண்டிலர். 1971இல்தான் அது விண்கலத்தின் கண்ணுக்கு அகப்பட்டது. பின்னர்க் கணக்கு மாறிற்று. பெருஞ்சுடர் இன்றியே பொருட்புயல் கிளம்புவதுண்டு. 2014 அக்டோபரிலோ, மாபெரும் சூரியப் புள்ளி ஒன்று 6 கடுஞ்சுடர்களை வீசியும் அவற்றுள் ஒன்றேனும் புயலை ஈனவில்லை. ஆகவே இவை தாயும் சேயும் அல்ல. முறுக்கேறிய காந்தப் புலம் ஈன்ற உடன்பிறப்புகள். பெரும் நிகழ்ச்சிகளில் இரண்டும் இரட்டையராய்ப் பிறப்பதே அறிஞர் கண்ணையும் மயக்கிற்று.

அதிர்ச்சி அலை வேறு. காயலில் விரையும் படகின் முன்னே நீர் குவிவதைக் காண்கிறோமன்றோ? அதுபோல, ஞாயிற்றைச் சூழ்ந்த ஒளிமகுடத்தில் அலை செல்லும் வேகத்தை விஞ்சிப் பொருட்திரள் பாயும்போது அதன் முன்னே அதிர்ச்சி அலை திரள்கிறது. மெல்ல நகரும் திரளுக்கு அது இல்லை. அலை எழுந்ததை ஒரு ரேடியோ இரைச்சல் காட்டிக்கொடுக்கும். அவ்விரைச்சலின் அதிர்வெண் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே வரும். கருநாடகத்துக் கௌரிபிதனூர் நிலையத்தார் இதற்கெனவே செவிசாய்த்திருக்கின்றனர்.

இஃது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. சுடரின் ஒளி 8 நிமிடத்தில் வந்து, பகலாயுள்ள நாடுகளில் சிற்றலை ரேடியோவை மங்கச் செய்கிறது. பெருங்கடல்மேல் பறக்கும் விமானங்களுக்கு அது இடர். பொருட்புயல் வந்துசேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். மின்தொடர்களையும் செயற்கைக்கோள்களையும் காக்க அவகாசம் உண்டு. சுடரைக் கண்டதும் புயல் எனக் கூவினால் பொய் எச்சரிக்கை. சுடரில்லை என்று உறங்கினால் கேடு. 2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் செந்நிறம் பூண்டது அடுத்தடுத்து வந்த பொருட்புயல்களால்தான்.

நம் ‘பாப்பா’ இருக்கும் இடத்தைத் தாண்டிய கடும்புயல் பூமியை எட்ட ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். சுடரின் ஒளிக்கோ அத்தொலைவு 5 நொடி.