ரத்தம் ஏற்றும் முன் ஒரு குழாய்

“ரத்தம் கம்மியா இருக்கு. இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் குடுங்க.” காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் வெளிறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் பெரும்பாலும் இதுதான் விடை. பல சமயம் சரியான விடையும்கூட. ஆனால் மூன்று மாதம் ஒழுங்காகத் தின்றும் ஏறாத ரத்தத்துக்கு மறுபடி அதே மாத்திரையை எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எழுதுகிறவர் மேல் எவ்வளவு கோபமோ, ஒரு கேள்வியும் கேட்காமல் சீட்டை மடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர் மேலும் அவ்வளவு கோபம்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் நிலைமை இன்னும் மோசம். நம் சிவகங்கை மாவட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைக்குச் சோகை என்றால் யாரும் யோசிப்பதே இல்லை. முகாம் என்று கேட்டதுமே ‘சாப்பாடு போதவில்லை’ என்று முடிவாகிவிடுகிறது. அப்பா, அம்மாவுக்கும் இலங்கைப் போர்க்காலத்தில் இதையேதான் சொன்னார்கள் என்பதால் அவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள்.

போர்க்காலத்தில் அப்படிச் சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. 1990-களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எரிபொருள், பேட்டரி, மருந்து எல்லாவற்றுக்கும் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரத்துக்கு மின்சாரமும் வேண்டும், ரசாயனக் கரைசலும் வேண்டும். 2009-ன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை ஷெல்லடிக்கு உள்ளானது. நோயாளிகள் புதுமாத்தளனுக்கும், அங்கிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். புல்மோட்டையில் இந்தியாவின் மருத்துவக் குழு ஒன்று அந்த மார்ச்சில் வேலை செய்தது. கை கால் சிதைந்து வந்தவருக்கு ரத்தப்போக்கை நிறுத்துவதுதான் முதல் வேலை. அவருக்குப் பிறவியிலேயே ரத்தக் கோளாறு இருக்கிறதா என்று தேடும் நிலையில் அங்கே யாரும் இருந்திருக்க முடியாது. போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பட்டினியால் வந்த சோகையும் பிறப்பிலேயே வந்த சோகையும் ஒரே வரிசையில் நின்றன.

நோயாளிகளையும் காயம்பட்டோரையும் பராமரிக்க வேண்டும் என்று 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2016-ல் 2286-ஆம் தீர்மானம் போட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் பொறுமை இல்லை. நம் கைக்கு எட்டுகிற காரியத்துக்கு வருவோம்.

பெற்றோரின் மரபணு வழியாகப் பிறப்பிலேயே சோகை தரும் தலசீமியா இலங்கையில் அரிய நோயல்ல. பீட்டா தலசீமியாவும், ஹீமோகுளோபின் ஈ என்ற வகையோடு அது கலந்து வருகிற நோயும் அங்கே நன்றாக ஆராயப்பட்டவை. குருநாகலில் அதற்கென்றே தேசிய மையம் இருக்கிறது. போரைப் பார்க்காத நம் ஊர்க்காரர்களும் இது நமக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். ஹீமோகுளோபின் ஈ பர்மாவில் மிகப் பரவலானது. 1942-ல் ஜப்பானியக் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள், 1960-களில் கப்பலேறித் திரும்பியவர்கள் என்று இந்த வட்டாரத்தில் பர்மாவைப் பற்றிப் பேசாத தெரு குறைவு. அங்கே பெண்ணெடுத்து வந்த குடும்பங்களில் இந்த மரபணுவும் உடன் வந்திருக்க வாய்ப்புண்டு. பர்மாத் தேக்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசியதாகக் கேள்விப்பட்டதில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு சிபிசி என்ற முழு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிவுச் சீட்டில் எல்லோரும் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைக்கிறார்கள். இன்னும் இரண்டு வரிகளைப் பாருங்கள். சிவப்பணு எத்தனை மில்லியன், சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி எவ்வளவு. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். எம்சிவி 62, சிவப்பணு 5.6 என்றால் விடை சுமார் 11. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மரபணு இருக்கலாமா என்று கேட்க வேண்டும். எம்சிவி 70, சிவப்பணு 3.9 என்றால் விடை கிட்டத்தட்ட 18, அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இது சந்தேகத்தை எழுப்புகிற கணக்கு மட்டுமே. இதை வைத்து மருத்துவரிடம் கேள்வி கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூடவே ரத்தத் தடவல் பரிசோதனையும் கேளுங்கள், மருத்துவமனையில் ஸ்மியர் என்பார்கள். ஒரு துளி ரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் சாயம், நுண்ணோக்கி போதும். கண்ணாடி பொருத்திய பழைய நுண்ணோக்கியாக இருந்தால் மின்சாரம்கூட வேண்டாம், சன்னலோர வெயிலே போதும். போர்முனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. அதை மின்விசிறி ஓடும் ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு ‘தேவையில்லை’ என்று அடித்துவிடுகிறார்கள். அடுத்து ஃபெரிட்டின், உடலில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். கடைசியாக, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற பகுதி 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா தாங்கியாக, அதாவது நோயின்றி மரபணுவை மட்டும் சுமப்பவராக, இருக்கக்கூடும். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருந்தால் அந்த எண் இறங்கித் தெரியலாம் என்பதால், இரும்பைச் சரிசெய்தபின் மறுபடி பார்க்கச் சொன்னால் முணுமுணுக்காமல் போய்ப் பாருங்கள்.

இப்போது நான் கத்திச் சொல்ல வேண்டிய இடம். ரத்தம் ஏற்றும் முன் மாதிரி எடுங்கள். பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 4-க்கு இறங்கி மூச்சு வாங்குகிறது, அவசரமாக ரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் யாரோ ஒரு நல்ல மருத்துவர் எச்பிஎல்சி எழுதுகிறார். முடிவு ஏறக்குறைய இயல்பாக வருகிறது. வராமல் என்ன செய்யும்? குழாயில் இருப்பதில் பாதி, ரத்தம் கொடுத்த புண்ணியவானின் அணுக்கள். ‘தலசீமியா இல்லை’ என்று ஒரு சீட்டு கிடைத்துவிடுகிறது. அந்தச் சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் உண்மை மறைந்துபோன வீடுகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஊதா மூடி போட்ட குழாயில் 2 மில்லி ரத்தம், அவ்வளவுதான். ரத்தப் பை தொங்குவதற்கு முன் எடுத்து, பெயர், தேதி, நேரம் எழுதி, உறைய விடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்தால் எச்பிஎல்சிக்குச் சில நாட்கள் தாங்கும். வார்டில் இருக்கிற செவிலியரிடம் கேளுங்கள்: “சிஸ்டர், ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ஊதா டியூப் எடுத்து வெச்சுட்டீங்களா?” திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கேளுங்கள். மாதிரிக்காக உயிர்காக்கும் ரத்தத்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை. ஊசி போடும் அதே கையில் ஒரு நிமிட வேலை இது.

ஏற்கெனவே ஏற்றிவிட்டார்களா? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மூன்று மாதமாவது ரத்தம் ஏற்றாமல் இருக்க முடிந்தால் காத்திருந்து சோதிக்கலாம். முடியாத பிள்ளைக்கு வேறு வழி உண்டு, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. அப்பா, அம்மா இருவருக்கும் எச்பிஎல்சி செய்யுங்கள், அதற்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. இருவரும் தாங்கிகள் என்று தெரிந்தால் பிள்ளையின் நோய் பெரும்பாலும் விளங்கிவிடும். அடுத்த கர்ப்பத்துக்கும் எச்சரிக்கை கிடைக்கும், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். கருவிலேயே சோதிக்க 11-ஆம் வாரத்திலிருந்து வழி இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துவிட்டு வந்து கேட்காதீர்கள்.

நம் வட்டாரத்தில் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து காரைக்குடி அரசு மருத்துவமனை, பிறகு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் மதுரை அரசு ராஜாஜி. பரிந்துரைச் சீட்டில் ‘சோகை’ என்று மட்டும் எழுதினால் மேலே இருப்பவரும் மாத்திரைதான் எழுதுவார். ‘தலசீமியா சந்தேகம், எச்பிஎல்சி தேவை’ என்று எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரிதான் உங்களுக்கான டிக்கெட்.

முழங்கால் வீங்கும் ஆண்பிள்ளைகள் தனிக் கதை. பல் விழுந்தால் ரத்தம் நிற்பதில்லை, சின்ன அடிக்கு மூட்டு பானை மாதிரி வீங்குகிறது. அப்பா, “அங்க ஷெல் துண்டு பட்ட எங்க மாமாவும் ரத்தம் நிக்காமத்தான் போனார்” என்று சாதாரணமாகச் சொல்லுவார். அந்த மாமா பிள்ளையின் அம்மா வழி உறவு என்றால் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயை நினைத்தே ஆக வேண்டும், அது தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. இவர்களுக்குத் தசையில் ஊசி போடக் கூடாது. ஆஸ்பிரின் கூடாது, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் கூடாது. நம் மருந்துக்கடைகளில் மூட்டுவலி என்றதும் முதலில் கைக்கு வருவது அதுதான், எனவே மறுபடி சொல்கிறேன், கூடாது.

இதற்கான சோதனை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பிடி, ஏபிடிடி. நீலமூடிக் குழாய். குழாயில் குறித்திருக்கும் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும், குறைந்தால் முடிவு பிழை. எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும், ஐஸில் வைக்கக் கூடாது. எச்பிஎல்சி குழாயைக் குளிரில் வைக்கச் சொன்னேன், இதை வைக்காதீர்கள் என்கிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காரைக்குடியில் காலையில் எடுத்த குழாயைக் கூரியர் பையன் பல இடம் சுற்றி மாலையில் மதுரையில் சேர்த்தால் அந்த முடிவைக் குப்பையில் போடலாம். மதுரை 90 கி.மீ.தான். நோயாளியையே கூட்டிக்கொண்டு போய் அங்கே ரத்தம் கொடுங்கள்.

பிறவி ரத்தக் கோளாறு இன்னொன்றும் உண்டு, மலேரியா உள்ள இடங்களில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்காக அதைப் பற்றி ஒரு வார்த்தை. விவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் பிரிமாகுயின் தருவார்கள். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு அது சிவப்பணுவை உடைத்துவிடும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இனிக் காகிதம். அகதிக்கு உரிமை என்ன இருக்கிறது என்று முகாமிலேயே கேட்கிறார்கள். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, உண்மைதான். ஆனால் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு குடிமகனுக்கு மட்டுமானதல்ல, எந்த மனிதருக்கும் உரியது. உச்ச நீதிமன்றம் 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. முகாம்வாசிகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களைப் போல கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு அலைய வேண்டாம். முகாம் அடையாள அட்டையோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பிள்ளையின் பெயர் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிறந்த பிள்ளையைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, சேர்க்கை நாளில் அழுகிறவர்கள் ஏராளம். மதுரையில் இரவு தங்க வேண்டியிருந்தால் முகாம் அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் மூன்றும் உண்டு. இது முகாமுக்கு வெளியே இருப்பவர்களுக்கே தெரியவில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எச்பிஎல்சி அல்லது உறைதல் காரணி அளவு முடிவின் அசலைக் காட்டி மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ‘கை கால் நல்லாத்தானே இருக்கு’ என்று யாராவது சொன்னால் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லுங்கள். முடியாது என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு இல்லை. அடிக்கடி ரத்தம் தேவைப்படும் தலசீமியா நோயாளிக்கு ரத்த வங்கி கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சிபிசி, எச்பிஎல்சி, ரத்த வகை, ஒவ்வொரு முறை ஏற்றிய தேதி, மருத்துவமனை, எத்தனை பை, இவை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இருபக்கமும் படமெடுத்து வேறு ஊரில் இருக்கும் உறவினர் போனுக்கும் அனுப்புங்கள். இலங்கைக்குத் திரும்பும் குடும்பங்கள் மிக முக்கியமாக அசலை எடுத்துச் செல்ல வேண்டும். முகாம் காலி செய்யும் அவசரத்தில் பாத்திரம் பண்டம் எல்லாம் மூட்டையாகிறது, கோப்பு மட்டும் பரணில் கிடக்கிறது. ஒரு முறை போரில் எல்லாக் காகிதத்தையும் இழந்தவர்கள் இப்படிச் செய்வது எனக்குப் புரியவே இல்லை.

பழைய முடிவு மருத்துவமனையில் இருக்கிறது, தர மறுக்கிறார்களா? மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகள்படி உள்நோயாளி ஆவணத்தை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஏற்பு முத்திரை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு. மனுவில் ‘ஏழை, உதவி செய்யவும்’ என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள். உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, ஆவணம் கேட்ட தேதி, 72 மணி நேரம் கடந்தும் தரவில்லை என்ற ஒரு வரி போதும். முத்திரையிட்ட விண்ணப்ப நகலை இணைத்து, மனுவின் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு அந்த எண்ணையும் கோப்பிலேயே வையுங்கள்.