எலிக்காய்ச்சலும் இழைமணிகளும்: மாத்தளையை முன்வைத்து ஒரு நோக்கு

2008ஆம் ஆண்டிலே இலங்கையிற் பரவிய எலிக்காய்ச்சலினால் 7,000க்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டதாக ஐயுறப்பட்டது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே இக்கிருமி உடலுட் புகும். ஆதலின் இது பெரிதும் உழைப்பாளரின் நோய். இலக்கிய மாணவன் ஒருவன் இதனைப் பேசப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

நோய் முற்றியவிடத்துச் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் என உறுப்புகள் செயலிழக்கின்றன. இந்நிலை செப்சிஸ் எனப்படும். கிருமிக்கு உடல் காட்டும் நெறிதவறிய எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கிறது என்பது 2016இல் வகுக்கப்பட்ட வரைவிலக்கணத்தின் சாரம். ஆயின் ஒரு புதிர் உண்டு. செப்சிஸால் இறந்தோரின் உறுப்புகளை ஆராய்ந்தால், அவை செயலிழந்த அளவுக்குக் கலங்கள் மடிந்திருப்பதில்லை. ஒட்சிசன் வந்து சேர்ந்தபோதும் கலம் அதனைப் பயன்படுத்த இயலாதிருத்தல் கூடும். பத்தாயத்தில் நெல்லிருந்தும் அடுப்பெரியாத வீட்டை இது நினைவூட்டும்.

கலத்தின் அடுப்பு இழைமணி. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 2002இல் 28 செப்சிஸ் நோயாளரின் தசையைச் சோதித்தனர். நைத்திரிக் ஒட்சைட்டு மிகுந்தவிடத்து இழைமணியின் தொழிற்பாடு குன்றியிருந்தது. பின்னர் இறந்தோரின் தசையிற் சக்திச் சேமிப்பும் குறைந்திருந்தது. இது வெறும் சிதைவா, அன்றி ஆபத்துக் காலத்திற் கலம் தானே தொழிலை ஒடுக்கிக்கொள்ளும் தற்காப்பா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை.

இழைமணியின் மூதாதையும் ஒரு பற்றீரியாவே என்பதை 1967இல் லின் மாகுலிஸ் வலியுறுத்தினார். காயமுற்ற உடலிற் சிதறிய இழைமணித் துண்டுகள், கிருமி புகுந்தாற்போன்ற அழற்சியைத் தூண்டுவதை 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. உடல் தன் உறுப்பையே பகையென மயங்குகின்றது!

சிகிச்சைக்கு வருவோம். இழைமணியைக் காக்குமென நம்பப்பட்ட மருந்துகள் பல. மனிதரிடத்து நிறுவப்பட்டது எதுவுமில்லை. ஒட்சியேற்ற எதிரியான உயிர்ச்சத்து சீயைக் குருதியிற் செலுத்திய பெரும் பரிசோதனை ஒன்றில் (2022), அதனைப் பெற்றோரிடையே இறப்பும் நீடித்த உறுப்புச் செயலிழப்பும் கூடுதலாகவே இருந்தன. எஞ்சுவன பழைய வழிகளே: பெனிசிலின் போன்ற மருந்தை விரைந்து கொடுத்தல், திரவம், ஒட்சிசன், தேவையேற்படின் குருதிச் சுத்திகரிப்பு. இவையனைத்தும் காலத்தைச் சார்ந்தவை.

மாத்தளையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்த அதே 1848இல், மேற்சிலேசியாவின் காய்ச்சலை ஆராய்ந்த ருடோல்ஃப் விர்க்கோ அதன் வேரை வறுமையிற் கண்டார். நோயின் இருப்பிடம் கலமே எனப் பின்னர் நிறுவியவரும் அவரே. இவ்விரு நோக்கும் முரண்பட்டவையல்ல. முதல் நாட் காய்ச்சலை வேலைக் களைப்பெனக் கொண்டு, நாட்கூலி இழக்க அஞ்சி மறுநாளும் சேற்றில் இறங்குபவரின் இழைமணிக்கு அந்த ஒரு நாள் பெரிது. விதைப்பு, அறுவடைக் காலங்களிற் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழங்கும் டொக்சிசைக்கிளின் வாரத்துக்கு 200 மில்லிகிராம்; அது வயலில் இறங்குமுன்னரே அவர் கையைச் சேரவேண்டும்.