பூமி ஆடினால் அடையாற்றுக்குக் கீழே போகும் மெட்ரோ சுரங்கம் தாங்குமா?

மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கி.மீ. நீளத்துக்கு அமைந்துவரும் மெட்ரோ பாதை, ஓ.எம்.ஆரில் தூண்கள் மேல் ஓடும். சிறுசேரியில் ஏறி நகருக்குள் போகிறவர் தரமணி பக்கம் மண்ணுக்குள் இறங்கி, அடையாற்றுக்கு அடியில் கடந்தாக வேண்டும். ‘காவேரி’, ‘அடையாறு’ என்று பெயரிடப்பட்ட இயந்திரங்கள் கிரீன்வேஸ் சாலையில் இருந்து குடைந்த பகுதி அது. ‘உள்ளே இருக்கும்போது நிலநடுக்கம் வந்தா?’ என்ற பயம் நியாயமானதுதான். 2002-ல் திருத்தப்பட்ட வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்தில் இருந்து மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது மிதமான அபாயப் பகுதிக்கு மாற்றியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, சென்னையில் பலர் ஆபீஸை விட்டு வெளியே ஓடிவந்தது நினைவிருக்கலாம்.

ஆனால் அன்று அதிகம் ஆடியது மாடிகள். கட்டடத்துக்கு அடி மட்டும்தான் பிடிப்பு, உச்சி ஊசலாடும். சுரங்கத்தை நாலா பக்கமும் மண் பிடித்திருப்பதால், மண் நகரும் அளவுக்குத்தான் அதுவும் நகரும். வட்ட வளையம் கொஞ்சம் முட்டை வடிவத்துக்கு நசுங்கி மீளும். அந்த வளையமும் ஒரே வார்ப்பு அல்ல. கான்கிரீட் துண்டுகளைப் போல்ட் போட்டு, இடையில் ரப்பர் பட்டை வைத்துச் சேர்த்தது. அந்த இணைப்புகளே சிறிய வளைவைத் தாங்கிக்கொள்ளும். 1989-ல் சான் பிரான்சிஸ்கோவில் 6.9 அளவில் அதிர்ந்தபோது வளைகுடாப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்து, பாலம் ஒரு மாதம் மூடப்பட்டது. அதே வளைகுடாவின் சேற்றில் கிடக்கும் ரயில் குழாயில் சில மணி நேரத்தில் ரயில் ஓடியது.

அப்போ பிரச்சினையே இல்லையா? இருக்கிறது, அது தண்ணீர். தளர்ந்த மணலில் நீர் நிறைந்திருக்கும்போது குலுக்கினால், மணல் துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையில் உள்ள நீர் வெளியேற நேரம் இருக்காது. அதன் அழுத்தம் ஏறி, துகள்களின் பிடி விட்டுப்போய், மண்ணே கூழாகிவிடும். இதற்கு ‘மண் திரவமாதல்’ என்று பெயர். உள்ளே வெற்றிடமான சுரங்கம் அந்தக் கூழைவிட லேசானது. தண்ணீரில் அமுக்கிய காலிக்குடம் மாதிரி மேலே வரப் பார்க்கும். 1964-ல் ஜப்பானின் நீகாட்டாவில் புதைத்து வைத்த கழிவுநீர்த் தொட்டிகள் இப்படித்தான் தரைக்கு மேலே எழும்பின. களிமண் இப்படி எளிதில் கூழாகாது, ஆனால் அதிர்வைப் பெருக்கும். சென்னையிலோ மணல், களிமண், கடும்பாறை எல்லாம் கொஞ்ச தூரத்துக்குள் மாறி மாறி வருகின்றன.

சிக்கல் அந்த மாறும் இடங்களில்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இளகிய மண் என்றால் இரண்டும் வேறுவேறு அளவில் நகரும். பெட்டி போன்ற நிலையத்தோடு குழாய் சேரும் இடமும் அப்படியே. அதனால்தான் அங்கே நெகிழும் இணைப்புகள் வைப்பதும், தளர்ந்த மணலில் சிமென்ட் கரைசலைச் செலுத்தி இறுக்குவதும் வழக்கம். 1995 ஜனவரி 17 அன்று கோபேயில் இடிந்த டைகாய் நிலையம் வட்டக் குழாய் அல்ல. 1960-களில் பள்ளம் தோண்டிக் கட்டிய பெட்டி. நடுத்தூண்கள் 30-க்கும் மேல் நொறுங்கின, மேலே சாலை 2.5 மீட்டர் வரை இறங்கியது.

இன்னொன்று: சிறுசேரி பயணிகள் சின்ன ஆட்டத்தை அதிகம் உணர வாய்ப்புள்ளது ஆற்றுக்கு அடியில் அல்ல, ஓ.எம்.ஆர். தூண்களின் மேல்.