தீயில்லாத வெல்டிங்!

திருச்சி கைலாசபுரம், பெல் ஊழியர்கள் குடியிருக்கும் ஊர். அருகிலுள்ள தொழிற்சாலையில் மின் நிலையங்களுக்குக் கொதிகலன்கள் செய்கிறார்கள்.

கொதிகலன் குழாய்களை வெல்டிங் செய்து இணைக்கிறார்கள். இணைப்பில் சிறு ஓட்டை விழுந்தாலும் நீராவி சீறிப் பாயும். வெல்டரின் கை பிசகக் கூடாது. 1975-ல் பெல் நிறுவனம் திருச்சியில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது.

கை பழகுவதற்குள் இரும்பும் ராடும் எவ்வளவோ வீணாகும். இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது.

மாணவர் தலைக்கவசம் அணிகிறார். அதற்குள் இரு கண்களுக்கும் சிறு திரைகள். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. தீ இல்லை, புகை இல்லை. ஆனால் கண்ணெதிரே இரும்பு உருகுகிறது! கையின் சாய்வையும் வேகத்தையும் கருவி அளந்து மதிப்பெண் போடுகிறது.

இது மந்திரம் அல்ல. 1968-லேயே அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் இத்தகைய தலைக்கருவியைச் செய்து காட்டினார். அது மிகவும் கனமானது, கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள்!

கண் ஏமாறலாம், கை ஏமாறுமா? தொடு உணர்ச்சியையும் கருவியால் தர, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி நடக்கிறது.

எப்படியானாலும் கடைசிப் பாடம் நிஜ இரும்பில்தான். திரையில் செய்த தவறு அழிந்துவிடும். குழாயில் செய்த தவறு அழியுமா?