பேச்சு எப்படி மருந்தாகிறது?

தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைப் புரட்டும்போது உங்கள் நெஞ்சு படபடத்ததுண்டா? உள்ளங்கை வியர்த்து, படித்ததெல்லாம் மறந்துபோனது போல் இருந்ததா? அது கோழைத்தனம் அல்ல. மூளையில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து மணி அடிக்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. புலியைக் கண்டால் இது உயிரைக் காக்கும். வினாத்தாளைக் கண்டும் ஓயாமல் அடித்தால்தான் தொல்லை.

பயத்துக்குத் தீனி

இந்தத் தொல்லை எப்படி வளர்கிறது? வீட்டை விட்டு வந்து, காம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவரைக் கற்பனை செய்யுங்கள். வகுப்பின் முன் நின்று பேச வேண்டிய நாளில் பயந்து அவர் போகவில்லை. உடனே நிம்மதி! ஆனால், 'போகாததால்தான் தப்பித்தோம்' என்ற தவறான பாடத்தை மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மணி இன்னும் உரக்க அடிக்கும்.

மனநல ஆலோசகர் இந்தச் சுழலைத்தான் உடைக்கிறார். "பயப்படாதே" என்று புத்தி சொல்வதோடு அவர் நிற்பதில்லை. "அப்போது மனத்தில் என்ன ஓடியது? அது நடக்கும் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்பார். அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த வழி இது. பிறகு சின்னச் சின்னப் படிகள்: முதலில் ஒரு நண்பர் முன், அடுத்து ஐந்து பேர் முன், அப்புறம் வகுப்பு முன். ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறும். ஆபத்து எதுவும் நேராததால் இறங்கும். மூளை புதிய பாடம் கற்கிறது.

அம்மாவின் களைப்பு

இதே வழி தாய்மாருக்கும் உதவுகிறது. பிரசவத்துக்குப் பின் ஹார்மோன் அளவு சட்டென்று குறைகிறது. இரவுத் தூக்கம் துண்டு துண்டாகிறது. சில நாள் அழுகை வந்து போவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 'நான் நல்ல தாய் இல்லை' என்ற எண்ணம் அப்போது உண்மை போலவே தோன்றும்.

பாகிஸ்தான் கிராமங்களில் மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. சுகாதார ஊழியர்கள் ஒரு பிரிவினரிடம் இந்த முறையில் பயிற்சி பெற்றுப் பேசினார்கள்; மறு பிரிவினரை வழக்கம்போல் பார்த்து வந்தார்கள். குழந்தைக்கு 6 மாதமானபோது முதல் பிரிவில் 23 விழுக்காட்டினருக்கும், மறு பிரிவில் 53 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு இருந்தது. வீட்டுக்கு வந்த தடவைகள் இரு பக்கமும் ஒன்றே. பேசிய முறைதான் வேறு!

கேலி செய்யும் கேடு

பேராக்கில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லிக் கேலி செய்வதைக் கேட்டிருப்பீர்கள். 1911-ல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா உலு கிந்தா. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் உதவி கேட்கத் தயங்குகிறார்கள். ஆனால் 2022-ல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படபடப்போ சோகமோ இரண்டு வாரமாகியும் விடவில்லை என்றால், பள்ளி ஆலோசனை ஆசிரியரையோ அரசாங்கக் கிளினிக்கையோ நாடுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும் அழைக்கலாம். சொன்னதை ஆலோசகர் பொதுவாக வெளியே சொல்ல மாட்டார். உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் பிறர் உதவியை நாடுவார்.

வீட்டில் அம்மாவோ அக்காவோ கைக்குழந்தையோடு களைத்திருந்தால், ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத் தூக்கமும் மருந்துதான்.