பெட்டிக்கடை பிரிட்ஜில் யாருக்கு இடம்?
சின்னாளப்பட்டி வரை வந்த கலர் சண்டை!

சின்னாளப்பட்டி:-

வெயில் மண்டையைப் பிளக்கிறது. திண்டுக்கல் - மதுரை ரோட்டில் பஸ்சை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது நிழலை. அடுத்துத் தேடுவது சோடாக் கடையை!

சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊர் இது. சேலை எடுக்க வெளியூர் வியாபாரி வந்தால், "டேய், அண்ணனுக்கு ஒரு கலரு வாங்கிட்டு வாடா" என்று பையனை ஓட விடுவது ஜவுளி யாவாரத்தில் பழைய மரியாதை. பேரம் படியும் முன்பே பாட்டில் திறந்து விடும்.

அந்தப் பாட்டில் யாருடைய பாட்டில்? அங்கேதான் குடுமிப்பிடிச் சண்டை!

குண்டு போட்ட பாட்டில்

ஒரு காலத்தில் கோலி சோடாதான் ராஜா. 1872-ல் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே அடைத்த காஸ் கண்ணாடிக் குண்டை மேலே தள்ளும். குண்டு ரப்பர் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தனியாக மூடி தேவையில்லை. கட்டை விரலால் ஒரு அமுக்கு. 'டப்'!

ஒரு மிஷின், ஒரு காஸ் சிலிண்டர், நல்ல தண்ணீர், சில பெட்டி பாட்டில். இவ்வளவு இருந்தால் தொழில் தொடங்கி விடலாம். ஆனால் ஒரு முடிச்சு உண்டு. பாட்டில் நல்ல கனம். குடித்து முடித்ததும் அது திரும்பி வந்தாக வேண்டும். சைக்கிளும் வண்டியும் எவ்வளவு தூரம் போய் வருமோ, அதுதான் சோடாக்காரர் எல்லை.

ஊருக்கு ஊர் ஒரு சோடா கம்பெனி முளைத்தது இதனால்தான். வெளியூர்க்காரர் உள்ளே நுழையத் திணறியதும் இதனால்தான். தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. அந்த வேலி உடைந்தது!

போனவர் திரும்பினார்

எல்லை தாண்டி ஜெயித்த உள்ளூர்ச் சரக்கும் உண்டு. விருதுநகரில் 1916-ல் பி.வி.எஸ்.கே.பழனியப்ப நாடார் தொடங்கியது காளிமார்க். அவர்களுடைய 'பொவண்டோ' தென் மாவட்டக் கல்யாண வீடுகளில் இன்றும் தனி மவுசோடு இருக்கிறது.

1977-ல் ஒரு திருப்பம். வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே வைத்திருக்கும் பங்கைக் குறைக்க வேண்டும் என்றது அன்னியச் செலாவணிச் சட்டம். அப்போது ஜனதா ஆட்சி. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரி. கோகோ கோலா கம்பெனி மூட்டை கட்டியது. காலி இடத்தைப் பிடிக்க ஓடினார்கள். அரசுக் கம்பெனி 'டபுள் செவன்' கொண்டுவந்தது. பார்லே கம்பெனி 'தம்ஸ் அப்' இறக்கியது. 'காம்பா கோலா'வும் களத்தில் குதித்தது.

1990-ல் பெப்சி வந்தது. வெளிநாட்டுப் பேரை அப்படியே போடக்கூடாது என்று கெடுபிடி. அதனால் 'லெஹர் பெப்சி' ஆனது. 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்தது. வந்த வேகத்தில் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் பார்லேயிடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டது. சரக்கை மட்டுமா வாங்கியது? கூடவே ஊர் ஊராகப் பாட்டில் அடைக்கும், கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலையும் கைக்கு வந்தது. கோல்ட் ஸ்பாட் பிறகு கடையிலிருந்தே மறைந்தது!

1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டில் அதிகாரபூர்வ பானம் கோகோ கோலா. "அதிகாரபூர்வமா, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்கிற தோரணையில் கேலி விளம்பரம் போட்டுப் பெயரைத் தட்டிச் சென்றது பெப்சி!

பிரிட்ஜ் அரசியல்

விளம்பரம் டி.வி.யில் நடக்கட்டும். நிஜச் சண்டை பெட்டிக்கடைக்குள்தான்.

லைன் வண்டியில் சேல்ஸ்மேன் வருவார். கம்பெனி செலவில் கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜ் தருவார். போர்டு எழுதித் தருவார். பத்துப் பெட்டி எடுத்தால் இவ்வளவு இலவசம் என்று ஸ்கீமும் சொல்வார். பதிலுக்கு ஒரே நிபந்தனை. பிரிட்ஜில் எங்கள் பாட்டில் மட்டும்தான்!

கடைக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. சொந்தமாக பிரிட்ஜ் வாங்கக் காசு வேண்டும். சூடான கலரை யாரும் சீண்ட மாட்டார்கள். உள்ளூர் சோடாவில் பாட்டிலுக்கு 1 ரூபாய் கூடக் கிடைத்தால், தினம் 50 பாட்டிலுக்கு மாதம் 1,500 ரூபாய். ஆனால் அது ஐஸ் பெட்டியில் கிடக்க, கம்பெனிச் சரக்கு விளக்கு வெளிச்சத்தில் ஜில்லென்று நிற்கிறது. வாடிக்கையாளர் கை எதை நோக்கிப் போகும்?

கொதித்த 2017

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் இந்தக் கோபமும் வெடித்தது. வெளிநாட்டுக் குளிர்பானம் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மார்ச் 1-ந் தேதி முதல் அமல். தாமிரபரணித் தண்ணீரை கங்கைகொண்டான் ஆலைகளுக்குக் கொடுப்பதை எதிர்த்த மனுக்களை மறுநாளே, மார்ச் 2-ந் தேதி, ஐகோர்ட்டு மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது.

பொவண்டோவுக்குத் திடீர் கிராக்கி. கேட்ட இடத்துக்கெல்லாம் சரக்கு அனுப்ப முடியாத நிலை. ஆனால் சூடு ஆறியதும் பழைய பாட்டில்கள் பழைய இடத்துக்கே வந்தன. காரணம்? அந்த பிரிட்ஜ் கடையை விட்டுப் போகவே இல்லை!

பத்து ரூபாய் அடி

இப்போது அடுத்த ரவுண்டு. 2022-ல் காம்பா பேரை வாங்கிய ரிலையன்ஸ், 2023-ல் மறுபடி கடைக்கு இறக்கியது. 200 மி.லி. பாட்டில் 10 ரூபாய்! பெரிய கம்பெனிகளும் விலையில் இறங்கி வர வேண்டியதாயிற்று. யானைகள் மோதும்போது நசுங்குவது காலடிப் புல். 10 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் பாட்டில் கிடைத்தால், கோலி சோடாக்காரர் என்ன விலை சொல்வார்?

வரியிலும் சலுகை இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இனிப்புக் கலர்களுக்கு 28 சதவீதமும் மேல்வரி 12 சதவீதமும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரேயடியாக 40 சதவீதம். உலகக் கம்பெனிக்கும் அதே விகிதம், உள்ளூர் பன்னீர் சோடாவுக்கும் அதே விகிதம்! சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு மட்டும் 18-லிருந்து 5 ஆகக் குறைந்தது.

குண்டு இன்னும் உருளுது

ஆனாலும் கோலிக் குண்டு சாகவில்லை. 'கோலி பாப் சோடா' என்ற புதுப் பெயரில் வளைகுடா, அமெரிக்கா, இங்கிலாந்துக்குச் சரக்கு போவதாக மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. அங்கே அது புதுமை. இங்கே அது தாத்தா காலத்துச் சரக்கு!

உள்ளூர்ச் சோடாக்காரர் பிழைக்க இரண்டே வழி. பாட்டில் சுத்தம், உணவுப் பாதுகாப்பு உரிமம் இரண்டிலும் குறை இருக்கக் கூடாது. கம்பெனிக்காரன் தர முடியாத இஞ்சி, பன்னீர் ருசி நாக்கில் நிற்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இலவச பிரிட்ஜ் வருகிறது என்றால் கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைப் படியுங்கள். எந்தத் தட்டில் யார் பாட்டில், கரண்ட் பில் யார் தலையில், எப்போது திருப்பி எடுப்பார்கள் என்று கேளுங்கள். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் நடந்த போட்டியைப் பார்த்த ஊர் இது. மலிவாக வரும் சரக்குக்குப் பின்னால் யார் பிழைப்பு போகும் என்பதை சின்னாளப்பட்டிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!