அமுது படைத்தவரும் அமுது செய்க



நமது தளவாய்புரத்தைச் சூழ்ந்த பகுதி, பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் அணித்தே அமையப்பெற்ற புண்ணிய நிலம். சங்கரன்கோயில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். இவ்வைந்தும் கூடியே நெல் விளைகிறது, நெல் சோறாகிறது, சோறு உடலாகிறது, அவ்வுடலே இறைவனை வழிபடும் கருவியாகிறது. ஆதலின் சைவர் உணவை 'அமுது' என்றனர். சமைத்தலை அமுதாக்குதல் என்றும், பரிமாறுதலை அமுது படைத்தல் என்றும், உண்ணுதலை அமுது செய்தல் என்றும் வழங்கினர். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவலிங்கத் திருமேனிக்கு அன்னாபிடேகம் செய்வது இக்கருத்தைக் கண்முன் காட்டுவதாகும்.

இல்லத்து வழக்கங்களும் இதனையொட்டியே அமைந்தன. கைகால் கழுவித் திருநீறணிந்து, ஆக்கிய அமுதை இறைவனுக்கு நிவேதித்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்து, விருந்தினரை முன்னர் உண்பித்துப் பின்னர்த் தாம் உண்பது நம் முன்னோர் நெறி. உணவு நமக்கு மட்டும் உரியதன்று என்பதே இவற்றின் உட்பொருள்.

ஆனால் இந்நெறியோடு ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. பல இல்லங்களில் அடுப்படியில் நின்று அமுதாக்கிய தாயோ மருமகளோ, எல்லாரும் உண்டெழுந்த பின்னரே உண்கிறாள். அப்போது அவளுக்கு எஞ்சுவது அடிச்சட்டிக் குழம்பும் ஆறிய சோறுமே. இதனைச் சமயம் விதித்தது என்று சிலர் கருதுகின்றனர். அது பொருந்துமா?

இளையான்குடி மாற நாயனாரை நினைமின். வறுமையுற்ற நாளில், மழை பெய்யும் இரவில் அடியவர் வந்தார். வீட்டில் ஒரு மணி நெல்லும் இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்தால் அமுதாக்கலாம் என வழி சொன்னவர் யார்? நாயனாரின் மனைவியார். நாயனார் முளைநெல்லை வாரி வந்தார். கூரைக் கழியை அறுத்து விறகாக்கினார். குழியிற் கீரை பறித்தார். அம்மையார் அவற்றையே பலவகைக் கறியமுதாக்கினார். இறைவன் அம்பிகையோடு தோன்றி, மனைவியாரோடு தம் உலகை அடையுமாறு நாயனாருக்கு அருளினான். பேற்றில் முன் பின் என்ற வேற்றுமை இல்லை. அவ்வாறாயின் சோற்றில் மட்டும் ஏன்?

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை உண்டு. காரணங்கள் பல, எனினும் எஞ்சியதை உண்ணும் வழக்கம் அதற்குத் துணைபோகாமல் இராது.

விருந்தை முந்துதல் தகுமோ எனின், தகாது. விருந்தினர், குழந்தைகள், முதியோர், நோயாளர் முன்னர் உண்க. அதன்பின் இல்லத்தார் அனைவரும், ஆக்கியவர் உட்பட, ஒரே பந்தியில் அமர்க. பரிமாறும் பணியை ஆடவரும் ஏற்க. அது முடியாத நாளில், ஆக்கியவர் பங்கை எல்லாக் கறிகளோடும் முதலிலேயே எடுத்து வைக்க.

1867இல் வள்ளலார் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டுவித்த அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. பசி எவருடையதாயினும் பசியே என்பது அவர் காட்டிய நெறி. அடுப்பருகே நிற்பவரின் பசியும் அதனுள் அடங்கும். இத்திருவிழாவின் அன்னம்பாலிப்பிலும், கடைசிப் பந்தியில் அமரும் மடைப்பள்ளித் தொண்டர்களுக்கு முதற்பந்தியின் அமுதே குறைவின்றிக் கிடைக்கச் செய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.